உறுதி உண்டு; உழுவார் எங்கே?

புளியங்கூடலில் வேலி சரிந்து பற்றை மண்டிய வளவுகளைக் காண்போர், அவை உடையவரில்லாக் காணிகள் என்றே எண்ணுவர். உண்மையோ நேர்மாறானது. உடையவர் பலராய்ப் போனமையே அவற்றுக்கு வந்த கேடு.

ஒல்லாந்தர் காலத்தில், 1707-இல் எழுத்திற் பதிக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்தது. பெண்ணுக்கும் நிலம் அளித்த அவ்வழமை பெருமைக்குரியதே. ஆயினும் தலைமுறைதோறும் பிரிந்த காணி, ஏக்கர்க் கணக்கிலிருந்து பரப்புக் கணக்கிற்கு இறங்கிப் பிரிபடாத பங்குகளாயிற்று. 1990-91-இல் போர் தீவக மக்களைப் பெயர்த்தெறிந்தது. பங்காளர் ஒருவர் கொழும்பிலும் ஒருவர் லண்டனிலும் ஒருவர் ரொறன்ரோவிலும் வாழ, அனைவரும் ஒப்பமிடாமல் முழுக்காணியை விற்கவோ ஈடு வைக்கவோ இயலவில்லை.

மறுபுறம், பிறர் நிலத்தில் வாய்ப்பேச்சை நம்பிப் பயிரிடுபவன் நிற்கிறான். கடன் கொடுப்போர் உறுதி கேட்கின்றனர். அவனிடம் உழைப்பன்றி வேறில்லை. உறுதியுடையவருக்கோ உழ ஆளில்லை. செல்வம் மண்ணுக்குள்ளேயே பூட்டிக்கிடக்கிறது. சாதியின் பெயரால் நிலம் மறுக்கப்பட்ட குடும்பங்களே இதில் பெரிதும் இழந்தவை என்பதை மறைத்துப் பயனில்லை.

நாட்டின் கதையும் இதுவே. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாகக் கொண்டு, மலையகத்தில் தோட்டங்களுக்கு வழி திறந்தது. 1972-இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர், வயலாயின் 25 ஏக்கர் என வரம்பிட்டது. தோட்டத்தில் உழைத்தவர் கைக்கு நிலம் சேரவில்லை. யப்பானும் தாய்வானும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் உழுபவனை உடையவனாக்கின. அவற்றின் கைத்தொழில் வளர்ச்சிக்கு அதுவும் அடித்தளமாயிற்று.

2025 மார்ச் 28-ஆம் திகதிய வர்த்தமானி, வடக்கில் ஏறக்குறைய 5,940 ஏக்கருக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரப் பணித்தது. எதிர்ப்பின் பின் அது மீளப்பெறப்பட்டது. எதிர்த்தது நியாயமே. ஆனால் நம் உரிமையை நாமே ஒழுங்குசெய்யாவிடின், இன்னொரு வர்த்தமானி வருமாயின் என்ன விடை கூறுவோம்?

பங்காளர் தம்முட் பேசிப் பங்கு பிரித்து உறுதி முடிப்பாராக. வெளிநாட்டிலிருப்போர் ஊரிலுள்ள நம்பிக்கைக்குரியவருக்கு அற்றோணித் தத்துவம் அனுப்புவாராக. பத்தாண்டு ஆட்சியால் காணி கைமாறிவிடும் என்ற அச்சத்தினாலேயே பலர் நிலத்தைத் தரிசாக விடுகின்றனர். நொத்தாரிசு முன் முடித்த நீண்டகாலக் குத்தகை அவ்வச்சத்தை நீக்கும். உழுபவனுக்கும் நிலைபேறு தரும். நம் சட்டத்தரணிகள் ஊருக்கு வந்து குறைந்த கட்டணத்தில் இப்பணியைச் செய்துகொடுத்தல் வேண்டும்.

அடுத்த மாரி விதைப்புக்கு முன்னரே இப்பேச்சுத் தொடங்கட்டும்.