குருதி கேட்கும் கணக்கு

"உன் ஊர் எது?" என்று கேட்கிறார்கள் இளைஞனை. "பெர்லின்" என்கிறான். "அது சரி, உண்மையில் எந்த ஊர்?" என்று மீண்டும் கேள்வி! பிறந்த ஊரைச் சொன்னால் போதாதாம். பாட்டன் ஊரைச் சொல்ல வேண்டுமாம்.

1961-இல் துருக்கியோடு ஒப்பந்தம் செய்து ஆள் எடுத்தது மேற்கு ஜெர்மனி. வந்தோருக்கு இட்ட பெயர் 'விருந்தினத் தொழிலாளர்'. விருந்தினரைச் சுரங்கத்தில் இறக்கும் விந்தை விருந்து! 1973-இல் ஆள் எடுப்பு நின்றது. ஆனால் குடும்பங்கள் வந்தன; குழந்தைகள் பிறந்தன. ஜெர்மன் மொழி கற்ற அச்சிறுவர்களே அலுவலகத்திலும் மருத்துவரிடமும் பெற்றோரின் வாயாக நின்றனர். எனினும் அவர்கள் அன்னியரே! 1913-ஆம் ஆண்டுச் சட்டம் குருதியைப் பார்த்ததேயன்றிப் பிறந்த மண்ணைப் பார்க்கவில்லை. பிறப்பைக் காட்டி மனிதனை அளக்கும் இவ்வித்தை நமக்குப் புதிதா, தோழர்களே?

2000-இல் சட்டம் சற்றே இறங்கி வந்தது. எட்டாண்டு முறையாக வாழ்ந்த அன்னியரின் குழந்தைக்கும் பிறப்பிலேயே குடியுரிமை தந்தது. தந்த கையோடு, 23 வயதுக்குள் இரண்டில் ஒரு நாட்டைக் கைவிடு என்றது. 2014-இல் தளர்ந்த அந்த நிபந்தனை 2024-இல்தான் முற்றாக ஒழிந்தது.

அரசை மட்டும் சாடி, வீட்டை விட்டுவிடுவோமா? வெளியே 'துருக்கியன்' எனப்படும் மகன், விடுமுறைக்குத் துருக்கி சென்றால் அங்கே 'அல்மான்ஜி', ஜெர்மன்காரன், என்று எள்ளப்படுகிறான். இரு பக்கமும் இடிபடுபவனிடம், "அவர்களைப்போல் ஆகிவிடாதே" என்கிறார் தந்தை. திரும்பிப் போவோம் என்றே காலமெல்லாம் காத்திருந்தவரின் அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் மகள் மணக்க விரும்புவோனை மறுக்கும் தந்தையர் சிலர், எதைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்? குருதியை! அலுவலக வாசலில் தம்மை அன்னியராக்கிய அதே குருதியை!