ஒரே கதவுக்கு எத்தனை தடவை காசு கொடுப்பது?



கொஞ்சம் நீளமான பதிவு. டெக்னிக்கல் விஷயம்னு தாண்டிப் போயிடாதீங்க. இது உங்க வரிப்பணம் பற்றியது. உங்க வீட்டுல கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளையோட வேலை பற்றியது.

ஒரு அரசுத் துறைக்கு இணையதளம் வேணும்னு வைங்க. மக்கள் விண்ணப்பம் போடணும். அலுவலர் அதைச் சரிபார்க்கணும். மேலதிகாரி ஒப்புதல் தரணும். கடைசியில் சான்றிதழ் பிடிஎஃப் ஆக வரணும். டெண்டர் விட்டு, காசு கொடுத்து, தளம் ஒன்று தயாராகுது. அடுத்த வருஷம் பக்கத்துத் துறைக்கும் ஒரு தளம் தேவைப்படுது. அங்கேயும் அதே லாகின், அதே பாஸ்வேர்டு மாற்றும் பக்கம், யார் எதைப் பார்க்கலாம் என்ற அதே அனுமதிப் பட்டியல், அதே தேடல், அதே ரிப்போர்ட். ஆனா மறுபடியும் முதல்ல இருந்து டெண்டர். மறுபடியும் முழுக் காசு.

ஒரு தெருவில் பத்து வீடு கட்டுறோம். பத்து வீட்டுக்கும் கதவு என்றால் என்னன்னு புதுசா கண்டுபிடிக்கச் சொல்லி, பத்து தச்சருக்கும் தனித்தனியா ஆராய்ச்சிக் கூலி கொடுப்போமா? மென்பொருளில் மட்டும் ஏன் கொடுக்கணும்?

டெம்ப்ளேட் என்றால் என்ன?

பெரிய நிறுவனங்களும் அரசுகளும் பயன்படுத்தும் இணையச் செயலிகளில் கணிசமானவை ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட மொழி அது. 2006 நவம்பரில் அதைத் திறந்த மூல உரிமத்தில் தருவதாக அதே நிறுவனம் அறிவித்தது. அப்படி வந்ததுதான் ஓப்பன்ஜேடிகே. 2004-ல் ஸ்பிரிங் கட்டமைப்பின் முதல் பதிப்பு வந்தது. 2014-ல் ஸ்பிரிங் பூட் வந்து, ஜாவாவில் ஒரு செயலியைத் தொடங்குற வேலையை ரொம்பவே சுலபமாக்கியது. இவை எல்லாமே யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம்.

இதுக்கு மேல வருவதுதான் டெம்ப்ளேட். ஸ்பிரிங் இனிஷியலைசர்ல எந்த டேட்டாபேஸ், எந்தப் பாதுகாப்பு நூலகம்னு தேர்ந்தெடுத்தா, ஒரு செயலியோட எலும்புக்கூடு சில நொடியில் கைக்கு வந்துடும். 2013-ல் ஜூலியன் டூபுவா தொடங்கிய ஜேஹிப்ஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போகும். அது கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னா போதும். லாகின், பயனர் நிர்வாகம், அனுமதிகள், நிர்வாகப் பக்கங்கள், சோதனை நிரல்கள் எல்லாம் சேர்ந்த ஒரு முழுச் செயலி தயார். முகப்புப் பக்கத்துக்கு எந்த மொழிகள் வேணும்னும் கேட்கும். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கு. பல வருஷமா உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து செய்த வேலை. விலை? பூஜ்யம்.

அப்போ டெண்டர்ல நாம எதுக்குக் காசு கொடுக்கணும்? அந்தத் துறைக்கே உரிய விதிகளை எழுதுறதுக்கு. பட்டா மாறுதலுக்கு என்ன நடைமுறை, ஓய்வூதியத்துக்கு என்ன தகுதி என்பதை நிரலாக்குறதுக்கு. சோதிக்கிறதுக்கு. வருஷக்கணக்கில் பராமரிக்கிறதுக்கு. அதுதான் உண்மையான உழைப்பு. அதுக்கு நியாயமான கூலி கொடுக்கணும். கதவுக்கு இல்லை.

இது வெறும் கனவா?

இல்லை தோழர்களே. ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருக்கு.

ஆஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று வளர்க்கும் டிஹெச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருள், ஜாவாவில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். 2020 தொடக்கத்தில் கொரோனா பரவ ஆரம்பித்தபோது, பக்கத்து நாடான இலங்கையின் குழு அதை எடுத்து, நாட்டுக்குள் வருபவர்களைக் கண்காணிக்கும் ஒரு பகுதியைச் சில நாட்களில் கட்டி முடித்தது. அதோட விடலை. மற்றவர்களும் பயன்படுத்தும்படி பகிர்ந்தது. அதைத் தொடர்ந்து ஏராளமான நாடுகள் அதே மென்பொருளில் கொரோனா கண்காணிப்பை அமைத்தன. நார்வே உட்பட! பணக்கார ஐரோப்பிய நாடு ஒன்றுக்கு ஒரு சின்னத் தீவின் வேலை வழிகாட்டியது. முதல்ல இருந்து கட்டியிருந்தா, தளம் தயாராவதற்குள் முதல் அலையே முடிந்திருக்கும்.

நம்ம நாட்டு உதாரணமும் இருக்கு. பெங்களூரு ஐஐஐடி-யில் 2018-ல் தொடங்கிய மோசிப், எந்த நாடும் தனக்கென ஒரு அடையாள அட்டை அமைப்பைக் கட்டிக்கொள்ள உதவும் திறந்த மூலத் தளம். அதுவும் ஜாவா, ஸ்பிரிங் பூட். பிலிப்பைன்ஸ் அதை வைத்துத்தான் தன் தேசிய அடையாள அமைப்பைக் கட்டியது. இகவ் ஃபவுண்டேஷனின் டிஜிட் தளம், சொத்து வரி, குடிநீர் இணைப்பு, புகார் பதிவு போன்ற உள்ளாட்சி வேலைகளுக்கான திறந்த மூலத் தளம். பஞ்சாப் மாநில நகராட்சிகள் அதைப் பயன்படுத்துகின்றன.

அதாவது, இங்கே உள்ளவர்கள் எழுதிய நிரல் உலகத்துக்கே போகுது. நாம ஏன் அதே நிரலுக்குத் திரும்பத் திரும்ப விலை கொடுக்கணும்?

இலவசம்னா ஏமாந்துடக் கூடாது

இப்போ நேர்மையா மறுபக்கத்தையும் பேசுவோம். ஓப்பன் சோர்ஸ்னு சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும்னு நாம சொல்லலை.

2017-ல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் தகவல் திருடு போனது. நுழைந்த வழி அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறந்த மூல ஜாவா கட்டமைப்பில் இருந்த ஓட்டை. "பார்த்தீங்களா, ஓசியில வந்தது!" என்று சிலர் சொல்வார்கள். ஆனா உண்மை என்ன? ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே இலவசமாக வெளிவந்துவிட்டது. திருடர்கள் தகவலை அள்ளியது மே மாதத்திலிருந்து. இடையில் இரண்டு மாதம். திருத்தத்தைப் போட வேண்டியவர்கள் போடவில்லை. மென்பொருளை எழுதியவர்கள் மேல் மட்டும் பழி போட்டுத் தப்பிக்க முடியாது.

டெம்ப்ளேட்டிலேயே தவறு இருந்த கதையும் உண்டு. ஜேஹிப்ஸ்டரின் 6.3.0 பதிப்புக்கு முந்தையவை உருவாக்கிய செயலிகளில், பாஸ்வேர்டு மாற்றும் இணைப்புக்கான ரகசிய எண் யூகிக்கக்கூடிய முறையில் உருவானது. ஒருவர் தனக்கு வந்த இணைப்பை வைத்தே அடுத்தவர் கணக்கைக் கைப்பற்ற முடியும். 2019-ல் இது வெளியே தெரிந்து சரிசெய்யப்பட்டது. ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. டெம்ப்ளேட்டைத் திருத்தினால், அதுக்கு முன்னாடி அதிலிருந்து உருவான செயலிகள் தானாகத் திருந்தாது. அச்சைச் சரிசெய்தா, ஏற்கெனவே வார்த்த செங்கல் மாறாது இல்லையா? ஒவ்வொரு செயலியிலும் ஒருத்தர் கைவைத்துத் திருத்தணும்.

2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை உலகத்தையே உலுக்கியது. அப்போ ஸ்பிரிங் பூட்டின் இயல்பான அமைப்பில் இருந்தவர்கள் தப்பினார்கள், ஏன்னா அது லாக்பேக் என்ற வேறு நூலகத்தைத்தான் பயன்படுத்தும். மாற்றி அமைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தன் செயலிக்குள் என்ன இருக்குன்னு தெரிந்தவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் பதில் கிடைத்தது. தெரியாதவர்கள் ராத்திரி முழுக்கத் தேடினார்கள்.

ஆக, டெம்ப்ளேட் மிச்சப்படுத்துறது கட்டும் செலவை. பராமரிப்புச் செலவை அல்ல. அந்த மிச்சத்தைப் பராமரிப்புக்குத் திருப்பணும். அதைச் செய்யாத அரசு, இலவச நிரலை எடுத்தாலும் மக்கள் தகவலை ஆபத்தில்தான் வைக்கும்.

காசு கொடுத்தா பாதுகாப்பா?

சரி, மூடிய மென்பொருளுக்குக் காசு கொடுத்தா நிம்மதியா இருக்கலாமா? 2023 ஜனவரியில் ஆரக்கிள் தன் ஜாவா சந்தா விலைமுறையை மாற்றியது. ஜாவா பயன்படுத்துபவர்களை எண்ணாமல், நிறுவனத்தின் மொத்தப் பணியாளர்களையும் எண்ணி விலை. பட்டியல் விலை ஒருவருக்கு மாதம் 15 டாலரில் தொடங்குது. ஜாவா என்ற வார்த்தையே தெரியாத காவலாளியும் அந்தக் கணக்கில் வருவார்! அதே வேலையைச் செய்யும் எக்லிப்ஸ் டெமுரின் போன்ற ஓப்பன்ஜேடிகே தொகுப்புகள் இலவசம். மாற்று வழி கையில் இருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒரே கடையில் மாட்டிக்கொண்டவர்கள், அந்தக் கடைக்காரர் சொன்னதுதான் விலை.

விதி இருக்கு, விருப்பம் இருக்கா?

மத்திய அரசு 2015-லேயே திறந்த மூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது. டெண்டர்களில் திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தரணும், அதைத் தவிர்க்கிற ஒப்பந்ததாரர் காரணம் சொல்லணும் என்கிறது அந்தக் கொள்கை. அதே வருஷம், அரசுச் செயலிகளின் நிரலைத் திறந்து மற்றத் துறைகளும் பயன்படுத்த வழிசெய்யும் கொள்கையும் வந்தது. ஐரோப்பாவில் 2017 முதல் 'பொதுப் பணம் என்றால் பொது நிரல்' என்ற கோரிக்கையோடு ஒரு இயக்கமே நடக்குது.

நம்ம மாநிலத்துக்கும் இது புதுசு இல்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு தந்த இலவச மடிக்கணினியில் இருந்தது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்போம்? பொருளைக் கொடுத்தார்கள். அதை வைத்து என்ன செய்யலாம்னு சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தத் தவறு மறுபடி நடக்கக் கூடாது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை

இன்ஜினியரிங், எம்.சி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறவங்களுக்குத் தெரியும். புராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து ஒரு ஜிப் ஃபைல் வாங்கி, பெயரை மாற்றி, வைவாவில் திருதிருன்னு முழிக்கிற நிலைமை. அப்பா கடன் வாங்கிக் கொடுத்த காசு அது. அதே காசில்லாமல் ஒரு நல்ல டெம்ப்ளேட்டை இறக்கி, ஒவ்வொரு கோப்பும் ஏன் அங்கே இருக்குன்னு ஒரு மாசம் உட்கார்ந்து படிங்க. லாகின் எப்படி நடக்குது, டேட்டாபேஸ் மாற்றங்கள் எப்படிப் பதிவாகுது, சோதனை எப்படி எழுதியிருக்காங்கன்னு பாருங்க. உலகத்தரமான நிரல் உங்க கண் முன்னாடி திறந்து கிடக்கு. எந்த சென்டரும் இதைத் தராது.

உரிமத்தையும் படிங்க. எம்ஐடி, அப்பாச்சி 2.0 உரிமம் உள்ளதை எடுத்து வணிகச் செயலியும் செய்யலாம், மூல ஆசிரியரின் உரிமக் குறிப்பை நீக்கக் கூடாது. ஏஜிபிஎல் என்றால், இணையத்தில் சேவையாக ஓட்டினாலும் நீங்க மாற்றிய பதிப்பின் நிரலைப் பயனர்களுக்குத் தரணும். இலவசம் வேறு, நிபந்தனையில்லாதது வேறு.

நாம என்ன செய்யலாம்?

உங்க ஊராட்சியோ நகராட்சியோ புதுசா ஒரு தளம் தொடங்கினா, 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நாலு கேள்வி கேளுங்க.

1. இந்தத் தளத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு? அதில் பராமரிப்புக்கு எவ்வளவு?
2. சோர்ஸ் கோட் யாருக்குச் சொந்தம்? அரசுக்கா, ஒப்பந்ததாரருக்கா?
3. எந்தத் திறந்த மூல மென்பொருள்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன?
4. கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் போடப்பட்ட தேதி எது?

இரண்டாவது கேள்விக்கு "ஒப்பந்ததாரருக்கு" என்று பதில் வந்தா, நாம காசு கொடுத்துக் கட்டிய வீட்டுக்கு வாடகையும் கொடுக்கிறோம்னு அர்த்தம்.

நம்ம கட்சியின் ஐ.டி. அணியில் இருக்கிற தோழர்களுக்கும் இதே அளவுகோல்தான். உறுப்பினர் பட்டியலோ, பூத் வேலையோ, எதுக்குச் செயலி கட்டினாலும் திறந்த மூலத்திலிருந்து தொடங்குங்க. திருத்தங்களை நேரத்துக்குப் போடுங்க. நாம கட்டியதில் மற்றவருக்குப் பயன்படுவதைத் திருப்பிக் கொடுங்க. ஊருக்கு உபதேசம் செய்யும் முன்னாடி நம்ம வீட்டைச் சரிசெய்வோம்.

கதவு ஏற்கெனவே செய்து வைத்திருக்காங்க தோழர்களே. அதைப் பொருத்தவும், பூட்டவும், துரு ஏறாம பார்த்துக்கவும் ஆள் வேணும். அந்த வேலையை நம்ம பிள்ளைகளுக்குக் கொடுங்கன்னு கேட்போம்.

படித்தவர்கள் பகிருங்கள். கமெண்ட்டில் உங்க ஊர்த் தளத்தின் நிலைமையை எழுதுங்கள்.

#பொதுப்பணம்_பொதுநிரல்
#திறந்தமூலம்
#கேள்விகேட்போம்