கட்டணம் வாங்கியவர் பதில் சொல்ல வேண்டும்

தாம்பரம் அருகே சிட்லபாக்கத்தில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் நோட்டீஸ். ‘ஆறே மாதத்தில் டேட்டா அனலிஸ்ட்’, ‘வீட்டிலிருந்தே படியுங்கள், வேலைக்கு நாங்கள் பொறுப்பு’, ‘இன்னும் நான்கே இடங்கள்’. கைபேசியைத் திறந்தால் இதே வாசகங்கள் இன்னும் பளபளப்பாக வருகின்றன. இந்தப் பயிற்சி நிறுவனங்கள் குறிவைப்பது பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை மட்டுமல்ல. குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி வேலை தேடும் தாய், சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளி, நாற்பது வயதில் ஐ.டி. நிறுவனம் வீட்டுக்கு அனுப்பிவிட்டவர் என இவர்கள்தான் இன்றைய வாடிக்கையாளர்கள். வேலையில்லாதவரின் பயத்தைக் காசாக்கும் இந்த வியாபாரத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பணம் கட்டியபின் கிடைப்பது என்ன? எப்போதோ பதிவுசெய்த காணொலிகள், ஒரு வாட்ஸ்அப் குழு, சரியான விடையைச் சொடுக்கினால் மதிப்பெண் தரும் ஒரு தேர்வு, கடைசியில் வண்ணச் சான்றிதழ். சந்தேகம் கேட்டால் ‘வீடியோவை மறுபடி பாருங்கள்’ என்பதே பதில். கட்டணத்தை ‘மாதத் தவணை’ என்று இனிப்பாகச் சொல்கிறார்கள். பல இடங்களில் அது படிப்பவர் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை விடாது. கையெழுத்து வாங்கும்போது இதை எத்தனை பேர் வாய் திறந்து சொல்கிறார்கள்?

வயது வந்தவருக்குக் காணொலி பஞ்சமில்லை. யூடியூபில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது. அவர் காசு கொடுப்பது, தன் விடையை ஒரு மனிதர் படித்துப் பார்த்து, எங்கே தவறினோம் என்று சொல்வதற்காக. இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்தபின் அவர் படிக்க உட்கார்கிறார். சின்னத் திரையில், அரைமணி நேரத்துக்குள் முடிக்கும்படி பாடம் பிரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், விட்ட இடத்திலிருந்து தொடர வழி வேண்டும். இருபது வருடம் கணக்கு எழுதியவரிடம் ‘எக்செல் என்றால் என்ன’ என்று மூன்று மணி நேரம் பேசுவது, அவர் அனுபவத்தை அவமதிப்பது. ஏற்கெனவே தெரிந்ததைத் தாண்டிப் போக விட வேண்டும். அவர் அன்றாடம் தொடும் வேலையிலிருந்தே பயிற்சியைக் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்பில் வயது வரம்பில்லை. முதலில் நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள். பிறகே தகுதித் தேர்வு. பாடம் வீட்டில் என்றாலும் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். முழுப் பட்டம் வரை போக முடியாதவர் டிப்ளமோவோடு கௌரவமாக விலகலாம். வேலையும் வீடும் உள்ள ஒருவரை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம் அது.

அரசுத் தளங்களும் தப்ப முடியாது. 2017-ல் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தின் இலக்கணப்படி ஒரு பாடத்துக்கு நான்கு அங்கங்கள்: காணொலி, வாசிப்புப் பாடம், தேர்வு, சந்தேகம் தீர்க்கும் அரங்கு. பல பாடங்களில் நான்காவது அங்கம் பெயருக்குத்தான் இருக்கிறது. இணையப் பாடங்களில் சேர்ந்தவர்கள் பாதியில் விட்டுவிடுவது உலகம் அறிந்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரைப்படி, 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதமே. ஹார்வர்டுக்கே இந்தக் கதி என்றால், வெறும் காணொலியை அடுக்கி வைத்து ‘வேலை உறுதி’ என்று கூவுகிறவர்களை என்ன சொல்வது?

சட்டம் இல்லாமல் இல்லை. பயிற்சித் துறையின் ஏமாற்று விளம்பரங்களைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வேலை உத்தரவாதம் தருவதும், இடம் தீரப் போகிறது என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதன்படி தவறு. நுகர்வோர் சட்டத்தில் ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனாலும் மின்கம்ப நோட்டீஸ் கிழியவில்லை. புகார் வரட்டும் என்று ஆணையம் காத்திருக்கக் கூடாது. விளம்பரத்தைப் பார்த்ததுமே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

நிறுவனங்கள் உடனே திருத்திக்கொள்ள வேண்டும். பாடம் நடத்துபவர் யார், கேள்விக்கு எத்தனை நாளில் பதில் வரும், சென்ற முறை எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் முடித்தார்கள் என்பதைக் கட்டணம் வாங்கும் முன் எழுதித் தர வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் விலகுகிறவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கடன் என்றால் கடன் என்றே சொல்ல வேண்டும். தமிழக அரசு, கல்லூரி மாணவர்களை மையமாக வைத்து 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ போல, வேலைக்குத் திரும்ப விரும்பும் நடுத்தர வயதினருக்கும் ஒரு திட்டம் தர வேண்டும். தாம்பரம் மாநகராட்சி தன் பங்குக்கு, மாலையில் அமர்ந்து படிக்க இணைய வசதியுள்ள கூடங்களைத் திறந்துவிடட்டும்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்க வேண்டாம். விளம்பரத்தையும் ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். அதற்கும் நிறுவனம் மசியாவிட்டால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.