தலைமையாசிரியர் பயிற்சியில் சாதிக்கு எந்தப் பாடவேளை?

குமரி மாவட்டத்தில் கோடை விடுமுறை முடியும் நேரத்தில் கிறித்தவ நிர்வாகப் பள்ளிகளில் ஆசிரியர் தியானம், தலைமையாசிரியர் பயிற்சி என்று ஏதாவதொன்று நடக்கும். பாட்டு, ஜெபம், வேதபாடம், மதியம் நல்ல சாப்பாடு. பி.எட். முடித்துவிட்டு நிர்வாகப் பள்ளியொன்றில் மூன்றாண்டு தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தபோது நானும் இவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். ‘கிறித்தவக் கண்ணோட்டத்தில் ஆசிரியப்பணி’, ‘பணிவிடைத் தலைமை’ என்று தலைப்பு மாறும், உள்ளடக்கம் மாறாது. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய கதை தவறாமல் வரும். நேரந்தவறாமை வரும், செல்போன் ஒழுக்கம் வரும், தேர்ச்சி விழுக்காடு கட்டாயம் வரும். சாதி என்ற சொல் மட்டும் அந்த மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட மேடையிலிருந்து வரவில்லை.

மேடைக்குக் கீழே அது வந்துகொண்டேதான் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் கையில் வண்ணக்கயிறு தேவையில்லை. “மக்ளே, நீ எந்த சபை?” என்று கேட்டால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். கேட்பவரும் ஆசிரியர்தான்.

இதை எழுதினால் யார் கைதட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். 1982இல் மண்டைக்காட்டில் என்ன நடந்தது, அதை வைத்து இந்த மாவட்டத்தில் யார் அரசியல் வளர்த்தார்கள் என்பதை மறக்கக்கூடியவர்கள் இங்கே யாருமில்லை. கிறித்தவப் பள்ளிகளை இழுத்து மூட ஆசைப்படுகிறவர்களுக்கு சாதி ஒழிப்பில் எந்த அக்கறையும் கிடையாது. அவர்களுக்குப் பயந்து வாய்மூடிக் கிடந்தால் நட்டம் அவர்களுக்கல்ல, வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் சாம்பவர் வீட்டுப் பிள்ளைக்கு.

கிறித்தவக் கண்ணோட்டம் என்றால் என்ன என்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு விடை இருக்கிறது. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் ஒரு சாம்பவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர் தஞ்சாவூரில் கிறித்தவம் தழுவித் திரும்பினார். அவருடைய அழைப்பின் பேரில்தான் 1806இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் போகும்போது சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். அடுத்த மிஷனரி மீட் ஐயர் 1818இல் வந்து சேரும்வரை, தென்திருவிதாங்கூர் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தலைமை ஒரு பறையரிடம் இருந்தது. இன்றைய தலைமையாசிரியர் பயிற்சியில் இந்த ஒரு செய்தியை மட்டும் சொல்லி, “இப்போது நம் நிர்வாகத்தில் எத்தனை சாம்பவர் தலைமையாசிரியர்கள்?” என்று கேட்டால் அரைநாள் வகுப்புக்குக் காணும்.

மீட் தொடங்கிய நாகர்கோவில் செமினரிதான் பின்னாளில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியானது. உபதேசியாரும் வாத்தியாரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருந்த காலம் அது. அந்த வேலைக்கான பயிற்சி சாதிக்கு அப்பால் நின்ற பயிற்சியாக இருக்க வழியே இல்லை. மிஷன் பள்ளிக்குப் போன நாடார் பெண்கள் குப்பாயம் போட்டுத் தெருவில் நடந்தார்கள். 1820களில் அவர்களுடைய துணி கிழிக்கப்பட்டது. 1858–59இல் மீண்டும் கலவரம். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசர் இறங்கிவந்து மேலாடை உரிமையை அறிவித்தார், அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே சாதிக்கு எதிரான செயலாக இருந்தது. (இது மிஷனின் தனிச் சாதனையல்ல. அதே காலத்தில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியையும் ஒரே கிணற்றில் நீர் இறைக்க வைத்தார்.)

மீட்டின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. மனைவியை இழந்திருந்த அவர் 1850களின் தொடக்கத்தில் பறையர் குலத்துக் கிறித்தவப் பெண் லோயிஸ் பிடல்ஃபை மணந்தார். சக மிஷனரிகளால் அதைப் பொறுக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் மிஷனைவிட்டு விலகி, பிறகு திருவிதாங்கூர் அரசின் பள்ளிக் கண்காணிப்பாளர் ஆனார். 1907இல் வடசேரிச் சாம்பவர்கள் லண்டன் மிஷனில் தங்களுக்கு மதிப்பில்லை என்று வெளியேறி லுத்தரன் மிஷனை அழைத்துக்கொண்டார்கள். மேலாடைக்காக அடிபட்ட சமூகம் பள்ளியால் மேலேறியது. ஏறியபின் ஏணியின் அடியில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்ததா என்பதுதான் இருநூறு ஆண்டு வரலாற்றில் மீதமிருக்கும் கேள்வி.

பழங்கதை என்று தள்ளுகிறவர்களுக்கு நாங்குநேரி. 2023 ஆகஸ்ட் 9. வள்ளியூரில் கிறித்தவ நிர்வாகத்தின் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த தலித் மாணவன், சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் சில நாள் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளியிலிருந்து கேட்டார்கள், சொன்னான், புகார் எழுதப்பட்டது. அன்றிரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வள்ளியூர் நெல்லை மாவட்டம்தான், ஆனால் நாகர்கோவிலிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்.

புகார் கைக்கு வந்த நேரத்துக்கும் அந்த இரவுக்கும் இடையே ஒரு தலைமையாசிரியர் என்னென்ன செய்ய வேண்டும்? புகார் கொடுத்தவன் பெயர் வெளியே தெரியாமல் எப்படிக் காப்பது? காவல்துறைக்கு எப்போது சொல்வது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது? பிள்ளை வீடு போய்ச் சேரும்வரை யார் பொறுப்பு? பள்ளித் தலைமைப் பயிற்சி என்றால் எனக்கு இதுதான். நான் உட்கார்ந்த எந்தப் பயிற்சியிலும் இது இல்லை. இரண்டாண்டு பி.எட். படிப்பிலும் இல்லை. அங்கே பாலினத்துக்கு ஒரு தாள் உண்டு. சாதி ‘சமூகப் பன்முகத்தன்மை’ என்ற தலைப்புக்குள் ஒரு வரியாகப் பதுங்கிக் கிடக்கும். மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துவிடலாம்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தைத் திருத்தச் சொன்னது. ஒரு வட்டாரத்தின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராக வைக்க வேண்டாம் என்றது. அரசுப் பள்ளி விஷயத்தில் அரசு தாமதிக்கிறது என்று நாம் திட்டுகிறோம், சரிதான். ஆனால் மறைமாவட்டமோ பேராயமோ பல பள்ளிகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் வைத்து, தானே இடமாற்றம் போடுகிறது. இங்கே இதைச் செய்ய அரசாணை வேண்டாம், ஆயரின் ஒரு கையெழுத்து போதும்.

நியமனத்துக்கு வருவோம். சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஆளைத் தேர்வது நிர்வாகம். சிறுபான்மை நிறுவனம் என்பதால் இடஒதுக்கீட்டுச் சுழற்சி கிடையாது. போதகர் கடிதமும் ‘நன்கொடை’யும் என்ன செய்யும் என்பது எங்கள் ஊரில் டீக்கடைவரை தெரியும். தலித் கிறித்தவப் பட்டதாரிக்கு இரண்டு பக்கமும் அடி. 1950 குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளியது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர். அரசு வேலைக்குப் போனால் தன்னைத் தள்ளிவைத்த அதே நாடார் கிறித்தவரோடு ஒரே பட்டியலில் போட்டி. திருச்சபைப் பள்ளிக்குப் போனால் பட்டியலே இல்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டபோது திருச்சபைகள் வரவேற்றன. ஒன்றிய அரசிடம் கேட்பதை, முதலில் தங்கள் பள்ளி நியமனத்தில் தாங்களே கொடுத்துக் காட்டலாமே! சட்டப்பிரிவு 30 நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. தலித் கிறித்தவருக்கு இடம் ஒதுக்கி நிர்வகிக்காதே என்று அது எங்கும் சொல்லவில்லை. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பாவத்துக்குப் பரிகாரம் என்ன என்பதை அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

2025 செப்டம்பரில் ஆசிரியர் தகுதித் தேர்வு குறித்து உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பிவிட்டது. இனி பிரிவு 30 பற்றிய கருத்தரங்குகளுக்குக் குறைவிருக்காது. அந்த உரிமையை நானும் ஆதரிக்கிறேன், பெரும்பான்மை மதவாதம் ஆளும் நாட்டில் அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் உரிமையைக் காக்கத் தெருவுக்கு வரச்சொல்லி எங்களை அழைக்கும்போது, அந்த உரிமைக்குள் எங்களுக்கு எத்தனை நாற்காலி என்று கேட்போம்.

கேட்க ஒரு வழி இருக்கிறது. அரசு நிதியில் பெருமளவு நடக்கும் கல்வி நிறுவனங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் குமரித் தோழர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் போதும். ஒவ்வொரு உதவிபெறும் பள்ளிக்கும் ஒரு மனு. கடந்த பத்தாண்டில் நியமிக்கப்பட்ட பட்டதாரி ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் எத்தனை பேர், சமூகவாரியாக எத்தனை, பணியிடம் விளம்பரம் செய்யப்பட்டதா, சாதிப் பாகுபாடு குறித்து அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்ட நாள்கள் எத்தனை. எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். பெயர் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுத்துவிடுவார்கள்.