காசோலை கொடுத்தால் கடமை முடிந்ததா?

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ஒரு பையனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. கணக்கைத் தவிர வேறு எதிலும் அவன் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் கோட்டை விட்டான். ஸ்காலர்ஷிப் பறிபோனது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டான். பெயர் ராமானுஜன்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் இங்கிருந்து ஒரே தாவாக ஹார்டியிடம் போய்விடுவார்கள். (1729 எண்ணுள்ள டாக்சி இல்லாமல் கதை முடியாது.) நடுவில் நடந்ததுதான் இங்கே விஷயம். 1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைத் தேடிப்போய் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார் ராமானுஜன். அவர் சென்னைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தனுப்பினார். சென்னையில் இருந்த சேஷு ஐயர் கும்பகோணத்தில் பாடம் நடத்திய பழைய வாத்தியார். அவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்க்கச் சொன்னார். ராவ் தன் கைக்காசிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை.

கவனியுங்கள். முதலில் வந்தது பணம்; அது நின்றுபோனது. கடைசியில் காப்பாற்றியவர்கள், கடிதம் எழுதி, "இவரைப் போய்ப் பார்" என்று வழிகாட்டிய நாலைந்து ஆட்கள். அது அதிர்ஷ்டம், ஏற்பாடு அல்ல. அந்த ஏற்பாட்டைச் செய்வதற்குத்தான் இன்றைக்கு 'முன்னாள் மாணவர் தொடர்பு', 'வேலை வழிகாட்டல்' என்று உத்தியோகங்கள் இருக்கின்றன. இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பதுதான் புகார்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்த மாவட்டத்தை எடுத்துக்கொண்டாலும் கல்வி உதவித்தொகை கொடுக்கும் டிரஸ்டுகளுக்குக் குறைவில்லை. ஜூன் மாதம் மேட்டூரில் தண்ணீர் திறக்கிற சமயத்தில் இவர்களும் மேடை போடுவார்கள். சால்வை, பெரிய அட்டையில் அச்சடித்த காசோலை, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நாலு பேர் நின்று ஒரு போட்டோ. அழைப்பிதழில் தவறாமல் ஒரு வரி: "நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் மாணவருக்கே." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தமிழில் மொழிபெயர்த்தால், "நாங்கள் சம்பளத்துக்கு ஒரு ஆள்கூட வைக்கவில்லை" என்று அர்த்தம்.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாலேயே வயலில் வந்துவிடுகிறதா? மதகைத் திறக்க லஸ்கர் வேண்டும், வாய்க்காலில் மடை திருப்ப ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் முதலில் காய்வது கடைமடைதான். விதை நெல்லுக்குப் பணம் கொடுத்துவிட்டு, களை எடுக்கிற கூலி தண்டச்செலவு என்று சொல்கிற மிராசுதாரை ஊரில் யாராவது மதிப்பார்களா?

அப்படி அந்த ஆள் என்னதான் செய்வார்? பேராவூரணிப் பக்கத்திலிருந்து பி.எஸ்சி. முடிக்கும் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி. மூன்று வருஷமும் கல்லூரிக் கட்டணம் டிரஸ்ட் கட்டியது. ஏப்ரலில் பரீட்சை முடிகிறது, டிரஸ்டின் கணக்கும் முடிகிறது. அவளுக்கோ அன்றைக்குத்தான் ஆரம்பம். இரண்டாம் வருஷத்து அரியர் ஒன்று பாக்கி. அது இருந்தால் இன்டர்வியூவுக்கே உட்கார முடியாது என்று யாரும் அவளுக்கு முன்பே சொல்லவில்லை. ரெஸ்யூமேயில் 'தந்தை தொழில்: விவசாயக் கூலி' என்று எழுதியிருக்கிறாள், படித்த காலத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததை எழுதவில்லை. பத்தாயிரம் டெபாசிட் கட்டினால் சென்னையில் வேலை நிச்சயம் என்று ஒரு 'கன்சல்டன்சி' போன் செய்கிறது. நெல் விளையும் மண்ணில் பிறந்தவள். தஞ்சாவூரிலேயே, புதுக்கோட்டை சாலையில், மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருப்பது தெரியாது. 2024-ல் தஞ்சாவூரில் திறந்த டைடல் பூங்காவில் எந்தக் கம்பெனி எந்தப் படிப்புக்கு ஆள் எடுக்கும் என்பதும் தெரியாது. பெங்களூரில் வேலை கிடைத்தாலும் முதல் சம்பளம் வரும்வரை தங்க இடம், அட்வான்ஸ், "தனியாகவா அனுப்புவது" என்று கேட்கும் அப்பாவுக்கு ஒரு பதில்... இது அத்தனைக்கும் ஒரு போன் நம்பர் வேண்டும். அந்தப் போனை எடுக்கிறவருக்கு இவள் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அதே டிரஸ்டில் நாலு வருஷம் முன்னால் படித்து இப்போது பெங்களூரில் இருக்கும் இன்னொரு பெண்ணின் நம்பரும் அவர் கையில் இருக்க வேண்டும். முழுநேர வேலை இது.

"அதற்குத்தான் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. காலை வணக்கமும் பொங்கல் வாழ்த்தும் தவறாமல் வரும். "தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பார்கள். தன்னார்வலருக்கும் ஆபீஸ் உண்டு, மாற்றல் உண்டு, கல்யாணம் உண்டு. அவர் போனால் அவர் போனில் இருந்த எல்லா நம்பரும் அவரோடு போகும். "கல்லூரி ப்ளேஸ்மென்ட் செல் எதற்கு?" அது கேம்பஸுக்கு வரும் கம்பெனியோடு நின்றுவிடும், போன வருஷம் முடித்த பிள்ளையைத் தேடிப் போகாது.

அடுத்தது சட்டத்தைக் காட்டுவார்கள். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணத்தில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2021 விதிகள் சொல்வது உண்மைதான். ஆனால் அதே விதிகளில் நிர்வாகச் செலவுக்கு ஒரு விளக்கமும் இருக்கிறது: குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. பிள்ளைகளை வேலை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவரின் சம்பளம் திட்டச் செலவா, ஆபீஸ் மின்சாரப் பில்லா? வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு வரம்பை 2020-ல் 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைத்தார்கள். அதனால் சிரமப்படுபவர்கள் உண்டு, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் உள்ளூர்ப் பணத்தில் நடக்கும் டிரஸ்டுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

இது ஏதோ அமெரிக்க இறக்குமதி என்று முகம் சுளிக்கிறவர்கள் தஞ்சாவூர்ச் சத்திரங்களின் கதையைத் தெரிந்துகொள்ளலாம். 1801-ல் இரண்டாம் சரபோஜி மன்னர் சத்திரங்களைக் காப்பாற்றச் சொல்லி ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில் விவரம் இருக்கிறது. சத்திரத்துக்கு வந்த இடத்தில் அனாதையாகிவிட்ட பிள்ளைகளை வாத்தியார் ஒருவர் பொறுப்பில் விடுவார்கள். மூன்று வேளை சாப்பாடு, துணி, மருந்து, எண்ணெய்க் குளியல்கூட உண்டு. எந்த வித்தையில் பிள்ளைக்கு விருப்பமோ அதைக் கற்பிப்பார்கள். கற்று முடித்த பிறகு கல்யாணச் செலவும் சத்திரத்தினுடையதுதான்! அதாவது, அந்தப் பிள்ளை சொந்தமாக ஒரு குடும்பம் வைக்கும்வரை பொறுப்பு. அதற்கென்று ஒரு வாத்தியாரும் இருந்தார். அவருக்கு ஆகும் செலவைத் தண்டம் என்று அந்தக் கடிதம் மறைக்கவில்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

இன்றைக்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. நடிகர் சூர்யா 2006-ல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் 'விதை' திட்டத்தில் கட்டணத்தோடு நிற்காமல், வழிகாட்டிகள், ஆங்கிலம் மற்றும் வாழ்க்கைத்திறன் பயிற்சி என்று சேர்த்தே கொடுக்கிறது. படித்து வெளியே போனவர்களில் பலர் தன்னார்வலர்களாகத் திரும்பி வருகிறார்கள். 2025-ல் நடந்த 15-ஆம் ஆண்டு விழா மேடையில் அங்கு படித்து டாக்டர் ஆனவர்களையே நிறுத்திக் காட்ட முடிந்தது. தன் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்கும் அமைப்பால்தான் அப்படிக் காட்ட முடியும். சினிமாக்காரர், அவரால் முடியும் என்று தட்டிக்கழிக்க வேண்டாம். நூறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் டிரஸ்ட், தொண்ணூற்றைந்து பேருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சப்படும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கட்டும். அந்த ஐந்து பேரைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம். படித்து முடித்துக் காணாமல் போனவர்கள் எத்தனை ஐந்து என்று முதலில் எண்ணட்டும்.

அடுத்த ஜூனில் உங்கள் ஊரில் மேடை போட்டால் போய் உட்காருங்கள். போட்டோ எடுத்து முடித்ததும், மூன்று வருஷம் முன்பு இதே மேடையில் காசோலை வாங்கிய பிள்ளைகள் இப்போது எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்ல யாருடைய போனைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள்.