எந்திரனும் கோடாங்கியும்

நம் கரிசல் சீமையில் ஒருவன் தூக்குப் போட்டுச் செத்தால், அவன் ஆவி அடங்காமல் அலைகிறதென்று கோடாங்கி உடுக்கடித்துச் சொல்லுவான். எப்போதும்வென்றானில் சொன்னால் அது மூடநம்பிக்கை என்று பட்டணத்துப் படிப்பாளிகள் சிரிப்பார்கள். ஆனால் அதே சங்கதியைச் சினிமாவாக்கி, விஞ்ஞானம் என்று பெயர் வைத்துவிட்டால், அதே படிப்பாளிகள் காசு கொடுத்துப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். இது என்ன நியாயம்?

ஷங்கர் எடுத்த ‘எந்திரன்’ 2010-இலும், அதன் தொடர்ச்சியான ‘2.0’ 2018-இலும் வெளிவந்தன. இரண்டிலும் அதே வசீகரன், அதே சிட்டி. இரு வேஷத்துக்கும் அதே ரஜினிகாந்த். அங்கே பிரித்துப் போட்ட யந்திரத்தை இங்கே மறுபடியும் பூட்டுகிறார்கள். அங்கே யந்திர மனிதர்கள் ஒன்றுகூடிப் பூதாகாரமாகிறார்கள். இங்கே கைபேசிகள் ஒன்றுகூடி ராட்சதப் பறவையாகின்றன. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமைகள். நாம் கவனிக்கவேண்டியதோ கருத்திலுள்ள ஒற்றுமை.

முதற் படத்தில், கடவுள் உண்டா என்று சிட்டியைக் கேட்கிறார்கள். கடவுள் என்றால் யார் என்று அது கேட்க, நம்மைப் படைத்தவர் என்கிறார்கள். என்னைப் படைத்தவர் வசீகரன். ஆகவே கடவுள் உண்டு என்கிறது யந்திரம். தோழர்களே! வசீகரன் தாய் வயிற்றில் பிறந்து, பள்ளியில் படித்து, கருவிகொண்டு யந்திரம் செய்தவன். கண்ணுக்குத் தெரிகிற அவனை வைத்துக் காணாத ஒருவரை எப்படி ருஜுப்பிப்பது? சரி, அந்தக் கடவுளைப் படைத்தவர் யார்? அத்தனை புத்தகங்களை விழுங்கிய யந்திர மூளைக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லையே!

அதே படத்தில், தீப்பிடித்த வீட்டில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி உயிரோடு தூக்கி வருகிறது. ஊரார் பார்த்துவிட்டார்களே என்ற வெட்கம் தாங்காமல் அவள் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். உடனே குற்றம் யந்திரத்தின் மேல் விழுகிறது, அதற்கு உணர்ச்சியில்லையாம்! உயிரைக் காப்பாற்றியது யந்திரம். கொன்றதோ, உயிரைவிட மறைப்பே பெரிதென்று பெண்ணுக்குக் கற்பித்த மானங்கெட்ட வழக்கம். யந்திரத்துக்கு உணர்ச்சி கொடுக்க வந்தவர்கள் மனிதனுக்குப் பகுத்தறிவு கொடுக்க நினைக்கவில்லை.

எட்டாண்டு கழித்தாவது புத்தி வந்ததா? கைபேசிக் கோபுரத்தில் தூக்கிட்டுச் செத்த பட்சிராஜன் ஆவியாய்த் திரும்பி வந்து பழி வாங்குகிறான். கோடாங்கி ஆவி என்பதை இவர்கள் ‘ஆரா’ என்கிறார்கள். வேப்பிலைக்குப் பதில் யந்திரம் வைத்து ஓட்டுகிறார்கள். வேறு வித்தியாசமில்லை.

பறவைகளிடம் இரக்கம் வேண்டியதுதான். ஆனால் கோபுர அலையால் சிட்டுக்குருவி அழிகிறதென்பது நிரூபணமாகவில்லை. பெருநகரங்களில் குறைந்தாலும், நாடு முழுமையும் பார்த்தால் குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறதென்று 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை கூறுகிறது.

கதைதானே, போகட்டும் என்பீர்கள். வலிப்பு வந்தவளைப் பேய் பிடித்தவள் என்று வைத்தியரிடம் காட்டாமல் கோடாங்கி முன் உட்காரவைக்கும் வீடுகள் இருக்கும்வரை, ஆவிக்கு விஞ்ஞானப் பட்டம் கட்டுவது வெறும் கதையாகாது. இப்போது அவர்களும் ‘விஞ்ஞானமே சொல்லுகிறது’ என்பார்கள் அல்லவா?

படம் பார்க்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, தாராளமாய்ப் பாருங்கள். ஆனால், கொட்டகையில் கொடுத்த கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கும்போது, கூடவே மூளையையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

— எப்போதும்வென்றான் சுயமரியாதைக்காரன்