தனியே வந்தவர் நிலைத்து நின்றார்



தொழுநோயாளரின் தந்தையான புனித தமியானைப் பற்றி நம் இல்லங்களில் அறியாதவர் அரியர். மறைக்கல்வி வகுப்பிலேயே அவர் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தோம். ஆனால், அவருக்குத் துணையாக அதே தீவிற்குத் தன்னந்தனியே சென்று, அவர் மறைந்த பின்னரும் 40 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே உழைத்த பொதுநிலையினர் ஒருவரை நம்மில் மிகச் சிலரே அறிவர். அவர் குருவும் அல்லர். துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவரும் அல்லர். மணவாழ்வு முறிந்தவர்; மதுவில் மூழ்கி மீண்டவர். ஜோசப் டட்டன் என்பது அவர் பெயர். இத்திங்கள் அவரைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

டட்டன் 1843-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஐரா. குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமன்று. உள்நாட்டுப் போர் மூண்டபோது படையில் சேர்ந்து நற்பெயர் பெற்றார். 1866-இல் திருமணம் செய்தார். அம்மணம் நிலைக்கவில்லை, மனைவி பிரிந்து சென்றார். துயரத்தை மறக்கக் குடித்தார். பகலில் ஒழுங்காக அலுவல் பார்ப்பதும் இரவில் குடிப்பதுமாகப் பத்தாண்டுகள் கழிந்தன. 1876-இல், இனி மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டார். சாகும்வரை அதனைக் காத்தார். தமது நாற்பதாம் பிறந்த நாளில், 1883-இல், கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, புனித சூசையப்பரின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். இழந்த ஆண்டுகளுக்கு ஈடு செய்யவேண்டும் என்னும் ஏக்கம் அவரை விடவில்லை. கெண்டக்கி மாநிலத்தில் உள்ள திராப்பிஸ்து மடத்தில் இருபது மாதங்கள் தங்கிச் செபத்திலும் மௌனத்திலும் வாழ்ந்து பார்த்தார். செயலில் ஈடுபடும் வாழ்வே தமக்கு உரியது என்று தெளிந்து வெளியே வந்தார்.

அப்போதுதான் தமியானைப் பற்றிப் படித்தார். படித்தவுடன் கப்பலேறிவிடவில்லை என்பதை நம் இளைஞர்கள் கவனிக்கவேண்டும். 1884-இல் அத்தீவிற்குச் சென்று தமியானை நேரில் கண்டு வந்த எழுத்தாளர் சார்ல்ஸ் வாரன் ஸ்டோடர்டு என்பவரைத் தேடிச் சென்றார். அங்கே தம்மால் உண்மையில் பயன் உண்டா என்று விசாரித்தறிந்த பின்னரே புறப்பட்டார்.

அவர் சென்ற இடம் பசிபிக் மாகடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மொலோக்காய். ஹவாய் அரசு 1865-இல் இயற்றிய சட்டத்தின்படி, தொழுநோய் கண்டவர்கள் 1866 முதல் அத்தீவின் வடகரையில் உள்ள ஒரு சிறு நிலப்பகுதிக்கு அனுப்பப்பட்டனர். மூன்று புறமும் கடல். நான்காம் புறம் ஏறத்தாழ 2,000 அடி உயர்ந்து நிற்கும் செங்குத்தான மலைச்சுவர். படம் பார்ப்போருக்கு அது பூலோக சொர்க்கமாகத் தோன்றும். பசுமை உண்டு, தாழை மரங்கள் உண்டு, நீலக்கடல் உண்டு. நம் வீட்டில் குழம்பிலிடும் சேப்பங்கிழங்கே அம்மக்களின் அன்றாட உணவு. அதனை வேகவைத்து இடித்துக் கூழாக்கி உண்பர். ஆயினும் தாயைப் பிரிந்த பிள்ளைகளுக்கும், மனைவியைப் பிரிந்த கணவர்க்கும் அந்த எழில் ஒரு சிறைச்சாலையாகவே இருந்தது.

1886 ஜூலை 29 அன்று டட்டன் அங்கே கரையிறங்கினார். வயது 43. அழைத்தவர் எவருமில்லை, கூலி பேசிக்கொள்ளவும் இல்லை. தமியான் அடிகளார் அக்காலம் தாமே தொழுநோய்க்கு ஆளாகியிருந்தார். வந்தவரை அவர் வரவேற்று, ‘சகோதரரே’ என்று அழைத்து, வேலையில் சேர்த்துக்கொண்டார். வார்த்தைப்பாடு இல்லாதிருந்தும் அப்பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. புண்களைக் கழுவிக் கட்டுதல், தச்சு வேலை, கணக்கெழுதுதல், கோவிலைச் சீர்செய்தல் என்று நாள்தோறும் கைந்நிறையப் பணி இருந்தது.

புதிய இடத்திற்குச் சென்ற எவருக்கும் முதல் சில வாரங்கள் எளிதாகக் கழியும். காற்றும் கடலும் மனிதரும் யாவும் புதுமை. பின்பு புதுமை தேயும். முன்னாள் துயரம் மூட்டையோடு கூடவே வந்திருப்பது அப்போதுதான் தெரியும். சூழலை மாற்றினால் மனம் மாறிவிடும் என்று நம்பிச் சென்றோர் பலர் திரும்பி வருவது இதனாலன்றோ? டட்டனைத் தீவின் எழில் நிலைநிறுத்தவில்லை. நாளை காலையும் அதே நோயாளி தம் புண்ணைக் கட்டுவதற்காகக் காத்திருப்பார் என்னும் எளிய உண்மைதான் அவரை அங்கே நிறுத்தியது. பரிகாரம் என்றால் மாபெருஞ் செயல் என்று நாம் எண்ணுகிறோம். அவருக்கோ அது நாள்தோறும் துவைக்கவேண்டிய துணியாகவும், சுற்றவேண்டிய கட்டாகவும் வந்து சேர்ந்தது.

1889 ஏப்ரல் 15-ஆம் நாள் தமியான் இறைவனடி சேர்ந்தார். துணையாக வந்தவருக்கு இனி அங்கென்ன வேலை என்று எவரும் கேட்டிருக்கலாம். டட்டன் தங்கிவிட்டார். 1894-இல் நோயுற்ற சிறுவர்க்கென பால்ட்வின் இல்லம் எழுந்தபோது அதன் பொறுப்பை ஏற்றார். அச்சிறுவர்க்கு அவர் காவலர், செவிலியர், தந்தை யாவுமானார். உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு ஓய்வு நேரத்தில் மறுமொழி எழுதினார். தீவில் தனித்திருந்தாரேயன்றி, உலகைத் துறந்தவராக இருக்கவில்லை. ஹவாய் 1898-இல் அமெரிக்காவுடன் இணைந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1908-இல் அமெரிக்கக் கடற்படையின் 16 பெரும் போர்க்கப்பல்கள் உலகை வலம்வந்தபோது, குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்டின் ஆணைப்படி மொலோக்காய் அருகே அணிவகுத்து, அம்முதியவருக்காகக் கொடி தாழ்த்தி வணக்கம் செலுத்தின.

கண் சிகிச்சைக்காக 1930-இல் ஹொனலூலு நகருக்குச் செல்லும்வரை, ஏறத்தாழ 44 ஆண்டுகள் அவர் அத்தீவைவிட்டு அகலவில்லை. நோயும் அவரைத் தொற்றவில்லை. 1931 மார்ச் 26 அன்று, 87-ஆம் வயதில் இறந்தார். கலவாவோ என்னும் ஊரில், தமியான் விரிவாக்கிக் கட்டிய புனித பிலோமினாள் ஆலயத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். தமியான் 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். டட்டனைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான பணியை ஹொனலூலு மறைமாவட்டம் 2022-இல் முறைப்படி தொடங்கியது. அத்தீவில் தனிமைப்படுத்தும் சட்டம் 1969-இல் நீக்கப்பட்டது. இன்று தொழுநோய் மருந்தால் முற்றிலும் குணமாகும் நோய் என்பதையும், அதன்பொருட்டு எவரையும் விலக்குதல் தகாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

குடும்பத்தினரே! நம் பங்குகளில் தனியே புறப்பட்டுச் செல்வோர் இன்று பலர். வளைகுடா நாட்டிற்குச் செல்லும் மகன், அயலூர் மருத்துவமனையில் செவிலியாகச் சேரும் மகள், கணவர் மறைந்தபின் நகரத்து மகன் வீட்டிற்குப் பெயரும் தாய் ஆகியோர் அனைவரும் ஒருவகையில் தீவு சென்றவர்களே. அவர்களோடு தொலைபேசியில் உரையாடும்போது, “சாப்பிட்டாயா? சம்பளம் வந்ததா?” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “அங்கே யாரோடு பழகுகிறாய்? இன்று யாருக்கு உதவினாய்?” என்றும் கேளுங்கள். தன்னைத் தேடி ஒருவர் காத்திருக்கிறார் என்னும் நிலை வந்துவிட்டால், அந்நிய ஊர் மெல்லத் தன் ஊராகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குடியைவிட்டு மீண்டவர்களும், மணவாழ்வு முறிந்து தலைகுனிந்து நடப்பவர்களும் நம் கோவிலின் கடைசி வரிசையில் வந்து நிற்கிறார்கள். திருப்பலி முடிந்ததும் எவரோடும் பேசாமல் நழுவிவிடுகிறார்கள். அவர்களது பழங்கதையை நாம் வீதியில் பேசிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு ஊரே ஒரு தீவாகிவிடும். தமியான் செய்தது மிகச் சிறிய காரியம்: ‘சகோதரரே’ என்று அழைத்தார், செய்ய ஒரு வேலையும் கொடுத்தார். அதனால் ஒரு மனிதரின் 44 ஆண்டுகள் பலன் தந்தன. வரும் ஞாயிறன்று, பாடற்குழுவிலோ, கோவில் கணக்கிலோ, நோயாளரைச் சந்திக்கும் பணியிலோ அத்தகைய ஒருவருக்கு இடம் கொடுங்கள். எதைச் செய்யவேண்டும் என்று அவரிடம் சொல்லி, மறுவாரமும் வரச் சொல்லுங்கள்.